பட்டியலில் ஒரு விருந்தாளி

என் வீட்டுக்காரருக்கு எங்கள் வட்டாரத்தில் 'வயர் மன்னன்' என்று பெயர். ஊர் கூடி வைத்த பெயர் இல்லை, அவரே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டது. வீடுகளுக்கு இன்டர்நெட் இழுத்துக் கொடுப்பது, வைஃபை பெட்டி மாட்டுவது, வாசலில் கேமரா பொருத்துவது, இதுதான் தொழில். தொழிலில் கெட்டிக்காரர். வாயில் அதைவிடக் கெட்டி. "என் நெட்வொர்க்குக்குள்ள ஒரு கொசு வரணும்னாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்" என்று வாடிக்கையாளர்களிடம் மார்தட்டுவார்.

நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன், காலை ஷிஃப்ட். "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் மேடம்" என்று சத்தியம் பண்ணுகிற வாய்களையே நாளெல்லாம் பார்க்கிறவள். அதனால் யார் சொன்னாலும் பாதிக்கு மேல் நம்புவதில்லை. கட்டின மனுஷனும் இதில் சேர்த்திதான்.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏணி வழுக்கி விழுந்தார். முட்டிக்குள் ஸ்க்ரூ போட்டார்கள். இனிமேல் ஏணி ஏறினால் அந்தக் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். கட்டுப் பிரித்த கையோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வேலை மேலேதான் இருக்கிறது, கீழே நின்று என்ன செய்வது என்று கேட்டார். அன்றிலிருந்து கிளினிக்கில் போன் அடித்தாலே, மறுபடி விழுந்துவிட்டாரோ என்றுதான் எடுப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்துத் தெருப் பெரிய குடியிருப்பின் காண்ட்ராக்ட் பேச்சு வந்தது. எல்லா மாடிக்கும் புது வயரிங், கேமரா, வருஷம் முழுக்கப் பராமரிப்பு. ஆள் வைத்துச் செய்கிற வேலை. மேலே ஏற இளசுகள் இருப்பார்கள், இவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டினால் போதும். அதட்டுவதற்கு இவருக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்த வேலை வேண்டுமோ இல்லையோ, எனக்கு வேண்டும். அந்த முட்டிக்கு வேண்டும்.

அந்தக் குடியிருப்பின் செகரட்டரி வீட்டுக்கு இவர்தான் முன்னாடி வைஃபை மாட்டியிருந்தார். அந்தப் பழக்கத்தில் செகரட்டரி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நானும் வீட்டம்மாவும் உங்க வீட்டுக்கு வர்றோம். உங்க வீட்ல எப்படி வெச்சிருக்கீங்கன்னு காட்டுங்க. பார்த்துட்டு முடிவு சொல்றோம்."

வீட்டம்மா ஒரு ஆடிட்டர். குடியிருப்பில் செகரட்டரி கையெழுத்துப் போடுவார், எங்கே போடுவது என்று அந்த அம்மா விரல் வைத்துக் காட்டுவார் என்று கேள்வி.

இவர் தடபுடலாக ஏற்பாடு செய்தார். வீட்டு நெட்டில் என்னென்ன ஓடுகிறது என்கிற பட்டியலைப் பெரிய டிவியில் தெரியும்படி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்திருந்தார்: மன்னன் போன், அம்மா போன், வீட்டுக்காரி போன், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா. பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் அது இப்போது நெட்டில் இருக்கிறது என்று அர்த்தம். திருஷ்டி கழிக்கலாம் போல அழகாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பட்டியலின் அடியில் ஏழாவதாக ஒன்று முளைத்தது. 'பெயர் தெரியாத கருவி' என்று எழுதியிருந்தது. பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது.

என் வீட்டுக்காரர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். முட்டி உடைந்த அன்றைக்குக்கூட அவ்வளவு வெளிறவில்லை.

"யாரோ உள்ள புகுந்துட்டான்" என்றார்.

"கொசுவா இருக்கும்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் சந்தேகம் பெற்ற தாய் மேல் விழுந்தது. என் மாமியார் கையிலிருந்த போனைப் பிடுங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, வேற எதாவது போன் வெச்சிருக்கியா?"

"ஆமாடா, இடுப்புல ஒண்ணு, கொண்டையில ஒண்ணு" என்றார் மாமியார். "இருக்கிற ஒண்ணுலயே சீரியல் நின்னு நின்னு வருது. நீ பெரிய மன்னன்."

அடுத்தது நான். பிறகு எதிர்வீட்டுக்காரர். "உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று இவர் போய் நிற்க, "உங்க பர்ஸைக் கொஞ்சம் காட்டுங்க" என்று அவர் கேட்க, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அந்தக் கருவியோ யாரையும் சட்டை பண்ணவில்லை. சாயங்காலம் வந்தது, ஒரு காபி குடிக்கிற நேரம் இருந்தது, போய்விட்டது. மறுநாளும் அப்படியே. மாடிக் கதவைப் பார்க்கிற வாசல் கேமராவில் ஒருத்தரும் தெரியவில்லை.

"அதைத் தடுத்துட வேண்டியதுதானே? ஒரு பட்டன்தானே?" என்றேன்.

"தடுத்தா ஓடிடுவான். எனக்கு ஆளு வேணும். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தன் வந்துட்டுப் போறான்னு வெளிய தெரிஞ்சா எவன் எனக்கு வேலை குடுப்பான்? கையும் களவுமா பிடிச்சு, ஞாயித்துக்கிழமை அந்த ஆடிட்டர் அம்மா முன்னாடி நிறுத்தறேன் பாரு."

"அப்ப பாஸ்வேர்டையாவது மாத்துங்க."

"அதை மாத்தினா எல்லா வீட்லயும் மாத்தணும். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

சும்மா இருந்தேன். இவர் மாட்டுகிற எல்லா வீட்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டுதான். எங்கள் வீட்டுக்கும் அதுதான். வாடிக்கையாளர்கள் மறந்துபோய் போன் பண்ணினால் சொல்வதற்காக என்னையும் மனப்பாடம் பண்ண வைத்திருந்தார். "ரிப்பேருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் யாரையும் கேக்க வேண்டாம். வாசல்ல காலை வெச்சா என் போன் தானா ஒட்டிக்கும்" என்பது அவருடைய தொழில் ரகசியம். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

சாயங்காலம்தான் அவருக்கு வெளிவேலை அதிகம். ஆபீஸ் போகிறவர்கள் வீடு திரும்பின பிறகுதான் கூப்பிடுவார்கள். அதனால் திருடனைக் கண்காணிக்கிற பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். டிவியில் சீரியலுக்குப் பதில் பட்டியல் ஓடியது. மாமியார் முதல் நாள் முணுமுணுத்தார். இரண்டாம் நாள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் சீரியலைக் கேட்கவே இல்லை.

"வந்தாச்சு! இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு" என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பார். "பாவம், வந்ததும் தெரியாம போனதும் தெரியாம இருக்குது. பெயர் தெரியாத கருவின்னு என்ன எழவு பேரு அது? நல்லதா ஒண்ணு வைம்மா."

நான் ரிமோட்டை எடுத்து 'விருந்தாளி' என்று பெயர் மாற்றி வைத்தேன். கொழுப்புத்தான். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் குதித்தார். அவர் குதிப்பதைப் பார்ப்பதற்காகவே வைத்ததால் எனக்குப் பரம திருப்தி.

எங்களுடையது முதல் மாடி. கீழே பேக்கரி. மாடிப்படி கட்டடத்தின் பக்கவாட்டில் சந்துக்குள் இருக்கிறது, அந்தப் படிக்கு நேர் மேலே எங்கள் ஜன்னல், ஜன்னல் ஓரத்தில் வைஃபை பெட்டி. அந்த வாரம் படிக்குக் கீழே எறும்பு சாரைசாரையாகப் போனது. பார்த்தால் கேக் துணுக்கு, கிரீம் ஒட்டின பேப்பர். "உங்க கடைக்கு வர்றவங்க கடையில நின்னு தின்னா ஆகாதா?" என்று பேக்கரிக்காரரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். அவர் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு, ஒரு பன் கொடுத்து என்னை அனுப்பினார். பன் நன்றாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு டிவி எதிரில் தன் இடத்தில் உட்கார்ந்தார். செகரட்டரியும் ஆடிட்டர் அம்மாவும் படியேறி வந்தார்கள். அவர் உருண்டையாக, வியர்த்து, எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர். அந்த அம்மா ஒல்லி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். பார்த்தால் நாம் எங்கோ ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

"இந்தச் சந்துக்குள்ள இப்படி ஒரு வீடு இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் செகரட்டரி, உட்கார்ந்துகொண்டே.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பாதுகாப்பு என்றால் என்ன, பூட்டு என்றால் என்ன, தன் கைபட்ட நெட்வொர்க் எப்படிப்பட்ட கோட்டை என்று பொளந்து கட்டினார். நான் டீயை நீட்டினேன். செகரட்டரி சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தார், ஆடிட்டர் அம்மா அவரைப் பார்த்தார், அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவருக்குச் சர்க்கரை இல்லாம குடும்மா. தினமும் சாயங்காலம் வாக்கிங் போறாரு, வாயைக் கட்டறாரு, ஆனாலும் ரத்தத்துல சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா.

அந்த நேரம் பார்த்து மாமியார் கையைத் தட்டினார். "விருந்தாளி வந்துட்டாரு!"

டிவியில் பச்சைப் புள்ளி.

என் வீட்டுக்காரர் புலி பதுங்குகிற மாதிரிக் குனிந்தார். "மேடம், நீங்களே பாருங்க. ஒரு வாரமா ஒருத்தன் என் நெட்டுக்குள்ள வந்துட்டுப் போறான். வேணும்னேதான் விட்டு வெச்சிருந்தேன். இப்ப உங்க கண்ணு முன்னாடி தூக்கறேன்." பட்டனை அமுக்கினார். புள்ளி அணைந்தது.

"அடடா" என்றார் செகரட்டரி. அணைத்து வைத்திருந்த போனை அப்போதுதான் உயிர்ப்பித்து, கட்டடத்தின் வரைபடத்தை அதில் திறந்து காட்ட முயன்றுகொண்டிருந்தார். "நெட்டு போயிடுச்சே."

"ஒரு நிமிஷம் சார், திருடனைப் பிடிச்சிட்டிருக்கேன்" என்றார் இவர். "பாருங்க மேடம், இப்ப திரும்ப விடறேன்." விட்டார். புள்ளி எரிந்தது.

"ஆங், வந்துடுச்சு" என்றார் செகரட்டரி.

"இப்ப தூக்கறேன்."

"மறுபடியும் போச்சு."

இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தது. எனக்கும் ஆடிட்டர் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, வயர் மன்னனுக்குத்தான் புரியவில்லை. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன்.

ஆடிட்டர் அம்மா தன் கணவர் கையிலிருந்த போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தம்பி, இன்னொரு தடவை அமுக்குங்க." அமுக்கினார். "விடுங்க." விட்டார். அம்மா போனைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "உங்க போன்தான் விருந்தாளியா?"

செகரட்டரி சிரிப்பது நின்றது.

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "ஐயோ, நீங்கதானா அது! தினமும் சாயங்காலம் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருப்பேன்" என்றவர், அந்த அம்மாவிடம் திரும்பி வெள்ளை மனதோடு சொன்னார்: "ஒரு நாள் தப்பாம வருவாரு மேடம். என் பையன் வெளிய போனதும் வருவாரு, அவன் திரும்பறதுக்குள்ள போயிடுவாரு. என் மருமகதான் விருந்தாளின்னு பேரே வெச்சா."

நான் சிரிப்பை விட்டுவிட்டு டீ தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவசரமே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை. "இங்க வீடு இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியும்னாரு. சரி, ஏம்மா, இவரு போன்ல உங்க வீட்டு பாஸ்வேர்ட் எப்படி வந்துச்சு? யாரு குடுத்தா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த நொடியில் எனக்கு விடை தெரிந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை. செகரட்டரி வீட்டு வைஃபையும் எங்கள் வீட்டு வைஃபையும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அவர் போனுக்கு இரண்டும் ஒன்றுதான். தன் வீடு என்று நினைத்துத் தானாக ஒட்டிக்கொள்கிறது. எல்லா வீட்டையும் ஒரே சாவியால் திறக்கலாம் என்று பெருமைப்பட்ட மனுஷனுக்கு, அந்தச் சாவி எல்லார் கையிலும் இருக்கிறது, தன் வீட்டையும் திறக்கும் என்று தோன்றவே இல்லை.

இதை நான் சொல்லலாம். சொன்னால் என் பெயர் தப்பித்துவிடும். காண்ட்ராக்ட் போய்விடும். ஊரில் பாதி வீட்டுக்கு ஒரே பூட்டு போட்டவனிடம் எந்தப் பைத்தியக்காரன் ஒரு குடியிருப்பையே ஒப்படைப்பான்? மறுபடியும் ஏணிதான், மறுபடியும் கிளினிக்கில் போன் அடிக்கும்போதெல்லாம் விழுந்துவிட்டாரோ என்கிற பயம்தான்.

வாயைத் திறக்கவில்லை. நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், அவர்கள் நினைப்பால் யாருக்கும் கால் உடையாது. டீ தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"தப்பு என்னோடது மேடம்."

யார் பேசுகிறார்கள் என்று நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் வாயில் நான் கேட்டிராத வாக்கியம். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு உப்பு கம்பெனியைத் திட்டினவர் அவர்.

"அவ யாருக்கும் எதுவும் குடுக்கல. உங்க வீட்லயும் என் வீட்லயும் ஒரே பாஸ்வேர்ட். நான் மாட்டின எல்லா வீட்லயும் அதேதான். என் சவுகரியத்துக்கு அப்படிப் பண்ணேன். சார் போன் அதனாலதான் தானா சேர்ந்துக்குது. இவ்வளவு நேரம் கோட்டை, பூட்டுன்னு பேசினதெல்லாம் வெறும் வாய்தான் மேடம். வேலையை வேற ஆளுக்குக் குடுத்துக்குங்க. ஆனா என் பொண்டாட்டியை அப்படிப் பார்க்காதீங்க."

ஆடிட்டர் அம்மா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தன் புருஷன் பக்கம் திரும்பினார்.

"பாஸ்வேர்ட் கதை புரிஞ்சுது. போன் தானா சேரட்டும். போனை எடுத்துக்கிட்டு நீங்க எதுக்குத் தினமும் இந்த வீட்டு வாசல்ல வந்து நின்னீங்க?"

"வாக்கிங்" என்றார் செகரட்டரி.

"வாக்கிங்னா நடக்கணும். நீங்க நின்னிருக்கீங்க."

செகரட்டரி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. எனக்கு அப்போது படிக்குக் கீழே ஊர்ந்த எறும்பு ஞாபகம் வந்தது, பேக்கரிக்காரர் விழுங்கின பேச்சு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் பட்ட பாடும் ஞாபகம் வந்தது. "ரொம்பப் புழுக்கமா இருக்குல்ல சார்? இங்க வந்து கொஞ்சம் காத்து வாங்குங்க" என்று ஜன்னலை விரியத் திறந்து, அவர் கையைப் பிடிக்காத குறையாக அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

கீழே சந்து முனையில் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"சார்! என்ன இன்னிக்குக் காலையிலயே? வழக்கமான கிரீம் கேக் ரெண்டும் எடுத்து வெக்கட்டுமா? படிக்குக் கீழ நிக்காதீங்க சார், மாடி அம்மா சத்தம் போடறாங்க!"

செகரட்டரி மெதுவாக ஜன்னலைச் சாத்தினார். ஆடிட்டர் அம்மா எழுந்து நின்றார். சிரிப்பாரா, அடிப்பாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஒரு கேக்கை ஒத்துக்க இந்த மனுஷனுக்கு வாய் வரல" என்றார், கடைசியில் என் வீட்டுக்காரரிடம். "யாரும் கேக்காமலே நீங்க ஒத்துக்கிட்டீங்க. தம்பி, முதல்ல எல்லா வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொல்லி, தனித்தனியா பாஸ்வேர்ட் மாத்திட்டு வாங்க. அது முடிஞ்சதும் எங்க வேலையை ஆரம்பிங்க. மேல ஏற ஆள் போட்டுக்குங்க, நீங்க காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறதை வந்ததிலிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க கேட்ல வெக்கிற முதல் கேமரா, இவரு சாயங்காலம் எந்தப் பக்கம் திரும்பறாருன்னு காட்டணும்." பிறகு என்னிடம் வந்து என் தோளில் கை வைத்தார். "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா என்று இன்னும் தெரியாது.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். அவர் முன்னால், அந்த அம்மா பின்னால், கைதியும் காவலுமாக. "நல்ல மனுஷன், இனி வரமாட்டாரு" என்று மாமியார் வருத்தப்பட்டுக்கொண்டே டிவியைச் சீரியலுக்கு மாற்றினார்.

நான் சமையலறைக்குப் போனேன். இவர் பின்னாலேயே வந்தார்.

"ஏங்க, பேசாம இருந்திருக்கக் கூடாதா?" என்றேன். "அந்த அம்மா வேற மாதிரி ஆளா இருந்திருந்தா வேலை போயிருக்கும்."

"நீ ஏன் பேசாம இருந்த? உனக்குத்தான் அந்த பாஸ்வேர்ட் கதை தெரியுமே."

"உங்க முட்டிக்காகத்தான்."

அவர் முட்டியைப் பார்த்தார், ஏதோ அது அவருடையதே இல்லை என்பதுபோல. "முட்டி போனா குச்சி ஊனிக்கிட்டு நடப்பேன். அந்தம்மா உன்னைப் பார்த்தாங்க பாரு ஒரு பார்வை, அதை வாங்கிக்கிட்டு, அந்தக் காசுல வர்ற சோத்தை உன் கையால வாங்கி நான் எப்படித் திங்கிறது?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைத் திறந்தார், மூடினார், கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஆனா ஒண்ணு. அந்தத் திருடனைக் கையும் களவுமா பிடிச்சது நான்தானே?"

"ஆமாங்க, நீங்கதான்" என்றேன். அந்த நிமிஷம் அவர் என்ன கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.